எண்ணெய் செல்லும் வழி



வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன அரசர்களும் போர்களும் ஆகும். ஆனால் மனிதன் தன் கையால் செய்த கருவிகளுக்கும் வரலாறு உண்டு. அக்கருவிகளின் மிகச் சிறிய உறுப்புக்குங்கூட வரலாறு உண்டு. இன்று நான் கூற எடுத்துக்கொண்டது ஒரு துளையின் வரலாறு. சுண்டுவிரல் நுழையாத துளை அது. சுழலும் தண்டுக்கும் அதனைத் தாங்கும் பகுதிக்கும் இடையே எண்ணெய் புகுவதற்காக இடப்பட்டது. அந்தத் துளை தனக்குரிய இடத்தில் இருந்தால் எஞ்சின் பல்லாண்டு உழைக்கும். சிறிது விலகினால், எவ்வளவு உயர்ந்த எண்ணெயை ஊற்றினாலும் சில மணி நேரத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். கழற்றி மீண்டும் பூட்டிய எஞ்சின்களில் இவ்விபத்து மிகுதியாக நேர்கிறது. அதன் காரணத்தை அறிய வேண்டுமானால், மனிதன் உராய்வோடு நடத்திய நெடும் போராட்டத்தைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

புதுக்கோட்டைச் சீமையில், திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே அமைந்த ஆவூர் எங்கள் ஊர். ஆற்றுப் பாசனம் அறியாத வானம் பார்த்த பூமி. குளத்தையும் கிணற்றையும் நம்பி வாழ்பவர்கள் நாங்கள். ஆதலால் உராய்வைப் பற்றிய முதற்பாடத்தை எங்களூர்ப் பிள்ளைகள் பள்ளிக்கு வருமுன்னரே கற்றுக்கொண்டார்கள். கவலை ஏற்றத்தின் உருளை கிரீச்சிடும்போது ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் ஓசை அடங்கும். மாடும் இளைப்பின்றி நடக்கும். கட்டை வண்டியின் குடத்துக்குள் மை போடாமல் சந்தைக்குப் புறப்பட்டால் பாதி வழியில் அச்சு சூடேறும். வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை செய்வார்கள். வண்டியின் அடியில் அந்த மை நிறைந்த மூங்கிற் குழாய் தொங்கும். தேர்த் திருவிழாவுக்கு முன்னர்த் தேரின் அச்சுக்கு எண்ணெய் இடுவதையும் ஊரார் மறப்பதில்லை.

அச்சைப் பற்றிய கவலை தமிழனுக்குப் புதியதன்று. உப்பு வண்டி ஓட்டிய உமணர்கள், மேட்டிலும் பள்ளத்திலும் வண்டிக்கு என்ன நேருமோ என்றஞ்சி, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு சென்ற செய்தியை ஔவையார் புறநானூற்றில் குறிப்பிட்டுள்ளார். அக்காலத்து வண்டியில் எண்ணெய்க்கென்று தனி வழி இல்லை. சக்கரத்தைக் கழற்றி, கையால் மை தடவி, மீண்டும் மாட்டுவார்கள். மெதுவாகச் செல்லும் வண்டிக்கு அது போதுமானதாக இருந்தது.

நீராவி எஞ்சின் வந்தபோது நிலைமை மாறியது. தென்னாட்டின் முதல் இரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடியது. அதன்பின் ஆறாண்டுகளுக்குள் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்கும் இருப்புப் பாதை வந்துவிட்டது. மணிக்கு இரண்டு மூன்று கல் தொலைவு சென்ற வண்டியைக் கண்டிருந்த நாட்டில் அதனைப் போலப் பத்து மடங்கு விரைவாகச் சக்கரங்கள் சுழலத் தொடங்கின. ஒவ்வொரு பெட்டியின் அச்சும் பல டன் எடையைத் தாங்கியது. அச்சின் மேல் பித்தளைத் தாங்கி ஒன்று கவிழ்ந்து அமர்ந்திருக்கும். பெட்டியின் சுமை முழுவதும் அத்தாங்கியின் வழியாக அச்சின்மேல் இறங்கும். இதனை இன்று எல்லோரும் 'பேரிங்' என்றே அழைக்கிறோம். இந்திய இரயில்களில் தொடக்கக் காலத்தில் இதற்குப் பெரிதும் பயன்பட்டது நம் ஆமணக்கு எண்ணெயே. எங்கள் மானாவாரி நிலங்களில் வரப்போரமாக விளையும் ஆமணக்கு, வண்டி மையிலிருந்து இரயிலுக்குச் சென்றது. பின்னர் முதல் உலகப் போரில் பறந்த விமானங்கள் பலவற்றின் எஞ்சின்களுக்கும் அதுவே உயவு எண்ணெயாயிற்று. 1909-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தோன்றிய காஸ்ட்ரால் என்னும் எண்ணெயின் பெயரும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததே.

நல்ல எண்ணெய் இருந்தது; ஆனால் அதனை எவ்வாறு உள்ளே செலுத்துவது? நீராவி எஞ்சினை இடையிடையே நிறுத்தி, நீண்ட மூக்குடைய எண்ணெய்க் குவளையைக் கையிலேந்தி, ஒவ்வொரு மூட்டாகத் தேடித் தேடி எண்ணெய் விடுவார்கள். சில இடங்களில் சிறிய எண்ணெய்க் கிண்ணம் ஒன்றை வைத்து, கம்பளி நூல் திரியின் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்குமாறு செய்தார்கள். அமெரிக்க நாட்டில் எலைஜா மெக்காய் என்பவர், ஓடும் எஞ்சினுக்குத் தானாகவே எண்ணெய் விடும் கருவி ஒன்றை அமைத்து 1872-இல் காப்புரிமை பெற்றார். அவருடைய பெற்றோர் அடிமைத் தளையிலிருந்து கனடாவுக்குத் தப்பிச் சென்ற நீக்ரோ மக்கள். அவர் ஸ்காட்லாந்து சென்று பொறியியல் கற்றுத் திரும்பினார். எனினும் நிறவேற்றுமையின் காரணமாக அவருக்கு இரயில்வேயில் கிடைத்தது, கரி தள்ளி எண்ணெய் விடும் வேலைதான். அந்த வேலையிலிருந்தே அவருடைய கண்டுபிடிப்பு பிறந்தது.

எண்ணெய் தானாக வரும் ஏற்பாடு கிடைத்துவிட்டது. எனினும், வந்த எண்ணெய் எந்த இடத்தில் உள்ளே நுழைய வேண்டும் என்னும் வினாவை யாரும் ஆராயவில்லை. அச்சின் உச்சிக்கு நேர் மேலே தாங்கியில் துளையிடுவதே வழக்கமாக இருந்தது. எண்ணெய் கீழ்நோக்கி இறங்கும் பொருள். சுமையும் உச்சியில்தான் அழுத்துகிறது. ஆகவே உச்சியில் விடுவதே முறை என்று எல்லோரும் எண்ணினர். கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றுகிறது அன்றோ?

இந்த நியாயத்தைச் சோதித்துப் பார்த்தவர் பீச்சம் டவர் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். இலண்டனில் இருந்த எந்திரப் பொறியாளர் கழகம், உராய்வைப் பற்றி ஆராயும் பணியை அவரிடம் ஒப்படைத்தது. அவர் தமது முதல் அறிக்கையை 1883-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவருடைய சோதனைக் கருவி எளியது. நான்கு அங்குல விட்டமுள்ள எஃகு அச்சு ஒன்று; அதன்மேல் இரயில் பெட்டியில் இருப்பது போன்று கவிழ்ந்த பித்தளைத் தாங்கி ஒன்று; தாங்கியின்மேல் சுமை. வழக்கப்படி உச்சித் துளையின் வழியாக எண்ணெய் விட்டபோது, அச்சு சிறிய சுமையைக்கூடத் தாங்காமல் சூடேறியது. மேலே எண்ணெய் விடாமல் அவர் நடத்திய சோதனையிலோ நிலைமை வேறாக இருந்தது. அச்சின் அடிப்பகுதி எண்ணெய்த் தொட்டி ஒன்றில் நனைந்து சுழலுமாறு செய்தார். சுழலும் அச்சு தானே எண்ணெயை வாரி எடுத்துக்கொண்டு மேலேறியது. உராய்வு வியக்கத்தக்க அளவுக்குக் குறைந்துவிட்டது.

இனித்தான் அந்தப் புகழ் பெற்ற நிகழ்ச்சி வருகிறது. மற்றொரு சோதனைக்காக அவர் தாங்கியின் உச்சியில் அரை அங்குலத் துளை ஒன்றைப் போட்டிருந்தார். அடியில் எண்ணெய்த் தொட்டியும் இருந்தது. அச்சைச் சுழல விட்டதும், உச்சித் துளையின் வழியாக எண்ணெய் உள்ளே இறங்குவதற்கு மாறாக மேலே பொங்கி வழிந்தது! அதனைத் தடுக்கத் தக்கை ஒன்றைச் செருகினார். எண்ணெய் தக்கையைத் தள்ளிவிட்டது. மரமுளை ஒன்றை அடித்துப் பார்த்தார். அதுவும் வெளியே வந்துவிட்டது. பிறகு அத்துளையில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்தினார். அதன் முள், சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு என்னும் கடைசிக் கோட்டையும் தாண்டிச் சென்றது. அப்போது தாங்கியின்மேல் இருந்த சராசரிச் சுமையோ சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான்.

இதன் பொருள் என்ன? அச்சும் தாங்கியும் ஒன்றையொன்று தொடவேயில்லை. இரண்டுக்கும் இடையே நுழைந்த எண்ணெய்ப் படலம் அவ்வளவு சுமையையும் தூக்கிக்கொண்டு நின்றது. டவர் தாங்கியின் பல இடங்களில் நுண்துளைகள் இட்டு, அழுத்தத்தை இடம் இடமாக அளந்தார். அவ்வழுத்தங்களையெல்லாம் கூட்டினால் 7,988 பவுண்டு வந்தது. தாங்கியின்மேல் அவர் ஏற்றிய சுமை 8,008 பவுண்டு. சுமை முழுவதையும் எண்ணெய்தான் தாங்கியது என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ? உச்சியில் துளையிட்டால் எண்ணெய் உள்ளே போகாது, உள்ளே இருக்கும் அழுத்தம் அதன் வழியாக வெளியேறிவிடும், படலமும் குலைந்துவிடும். இரயில் சக்கரம் தோன்றிய நாள் முதல் உச்சியில் இட்டுவந்த துளை, எங்கே இருக்கக்கூடாதோ அங்கேயே இருந்தது!

டவர் கண்ட உண்மைக்குக் கணித விளக்கம் தந்தவர் மான்செஸ்டர் நகரப் பேராசிரியர் ஆஸ்போர்ன் ரெனால்ட்சு. 1886-ஆம் ஆண்டில் வெளியான அவருடைய கட்டுரை உயவியல் என்னும் அறிவியல் துறைக்கே அடிப்படை ஆயிற்று. சுழலும் தண்டு தாங்கியின் நடுவில் நில்லாமல் சற்றே ஒதுங்கி நிற்கிறது. ஆதலின் இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் ஆப்புப் போன்ற வடிவம் பெறுகிறது. தண்டு எண்ணெயை அகன்ற பக்கத்திலிருந்து குறுகிய பக்கத்துக்கு இழுத்துச் செல்கிறது. குறுகிய இடத்தில் நெருக்குண்ட எண்ணெய் அழுத்தம் பெற்றுத் தண்டைத் தூக்குகிறது. ஆகவே எண்ணெய் நுழைய வேண்டிய இடம் சுமை மிகுந்த இடமன்று; சுமை குறைந்த, இடைவெளி அகன்ற பக்கமே அதற்கு உரிய வாயில். இந்த ஓர் உண்மையை மனத்தில் பதித்துக்கொண்டால் பின்னர் நான் கூறப்போவன எல்லாம் எளிதில் விளங்கும்.

அடுத்த முன்னேற்றம் 1890-ஆம் ஆண்டில் வந்தது. பர்மிங்காம் நகரத்தில் பெல்லிஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் பெயின் என்பவர், விரைந்து சுழலும் நீராவி எஞ்சினுக்குப் பம்பின் மூலம் அழுத்தத்தோடு எண்ணெய் செலுத்தும் முறையைக் கண்டறிந்தார். அதுவரை வெளியிலிருந்து சொட்டிய எண்ணெய், இப்போது எஞ்சினின் உடலுக்குள்ளேயே துளைத்த வழிகளில் ஓடத் தொடங்கியது. ருடால்ப் டீசலின் எஞ்சின் 1897-இல் வெற்றி பெற்றது. மோட்டார் வண்டிகள் பெருகின. 1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு நிறுவனத்தின் புகழ் பெற்ற டி மாடல் கார், எண்ணெயை வாரித் தெளிக்கும் பழைய முறையைக்கொண்டே காலந்தள்ளியது. வேகமும் சுமையும் ஏற ஏற, பம்பும் உள்வழிகளும் இன்றியமையாதன ஆயின.

இன்றைய டீசல் எஞ்சின் ஒன்றில் எண்ணெய் செல்லும் பாதையைக் காண்போம். அடித் தொட்டியில் உள்ள எண்ணெயைப் பம்பு உறிஞ்சுகிறது. வடிகட்டியைக் கடந்து எண்ணெய், எஞ்சின் உடலின் நெடுகச் செல்லும் பெருவழியை அடைகிறது. அங்கிருந்து கிளை வழிகள் பிரிந்து ஒவ்வொரு முதன்மைப் பேரிங்குக்கும் செல்கின்றன. பேரிங்கின் துளையில் நுழைந்த எண்ணெய், கிராங்க் தண்டினுள் சாய்வாகத் துளைத்த வழியாக இணைப்புத் தண்டின் பேரிங்கை அடைகிறது. இன்னொரு கிளை மேலேறி, கேஸ்கட்டில் உள்ள துளையைக் கடந்து, எஞ்சின் தலைப்பகுதியில் வால்வுகளை இயக்கும் உறுப்புகளுக்குச் செல்கிறது.

இதனை எங்கள் ஊர்க் குளத்தோடு ஒப்பிடலாம். குளத்தில் நீர் நிறைந்திருக்கிறது, மடை இருக்கிறது, வாய்க்காலும் இருக்கிறது. மடையின் வாயும் வாய்க்காலின் தலைப்பும் நேராக அமையாவிட்டால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறுமா? எஞ்சினிலும் அப்படியே. பாதை ஒன்றாக இருந்தாலும் அது ஓர் உறுப்பைக் கடந்து மற்றோர் உறுப்புக்குள் நுழையும் இடங்கள் பல. ஒவ்வோர் இடத்திலும் இரண்டு துளைகள் ஒன்றையொன்று நேருக்கு நேர் சந்திக்க வேண்டும்.

புதிய எஞ்சினைத் தொழிற்சாலையில் பூட்டும்போது அத்துளைகள் அளவெடுத்து இடப்படுகின்றன. கழற்றிப் பூட்டும்போதுதான் தவறு நேர்கிறது. முதன்மைப் பேரிங் இரண்டு அரை ஓடுகளாக வரும். பல எஞ்சின்களில் மேல் ஓட்டில் துளையும் எண்ணெய்க் காடியும் இருக்கும். சுமை தாங்கும் கீழ் ஓடு வழுவழுப்பாக இருக்கும். டவர் கற்பித்த பாடமே இங்கு உலோகமாக நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டால், எஞ்சின் உடலின் எண்ணெய்த் துளையைத் துளையில்லாத ஓடு மூடிவிடும். கேம் தண்டின் புஷ் வளையத்தை அழுத்தி இறக்கும்போது அது சிறிது திரும்பினால், துளை பாதி மூடிக்கொள்ளும். கேஸ்கட்டை முன்பின்னாகவோ தலைகீழாகவோ வைத்தால் மேலேறும் வழி அடைபடும். ஒட்டுவதற்குத் தடவிய பசை மிகுதியாகிப் பிதுங்கினாலும் இதே கேடுதான். கிராங்க் தண்டைக் கடைந்து தேய்த்த பின்னர், அதன் உள்வழியில் தங்கிய இரும்புத் தூளைக் கழுவாவிட்டால், முதல் எண்ணெயோடு அத்தூளும் பேரிங்குக்குள் புகுந்து அரிக்கும்.

துளை முழுதும் மூடினால்தானே தீங்கு, சிறிது குறைந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். நீண்ட குறுகிய குழாயில் திரவம் செல்லும் அளவு, குழாயின் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹேகனும் புவாசேயும் கண்டறிந்தனர். விட்டம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிறது! எண்ணெய் வழியில் கசடு படிந்து சுருங்கினால் ஏன் அவ்வளவு விரைவில் கேடு விளைகிறது என்பது இதனால் புலனாகும். தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே விடும் இடைவெளி, தண்டின் விட்டத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். சுமை மிகுந்த இடத்தில் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் நம் தலைமயிரின் தடிமனைவிட மிகக் குறைவு. அந்தப் படலம் ஒரு பக்கம் ஓயாமல் கசிந்துகொண்டே இருக்கும். கசியும் அளவுக்கு உள்ளே வரவும் வேண்டும். எண்ணெய்க்கு மற்றொரு கடமையும் உண்டு. அது வெப்பத்தைச் சுமந்து செல்ல வேண்டும். வரவு குறைந்தால் படலம் மெலியும், வெப்பம் தங்கும், வெப்பத்தால் எண்ணெய் இளகும், இளகிய எண்ணெய் சுமையைத் தாங்காது. இறுதியில் உலோகம் உலோகத்தைத் தொடும்.

இதில் மற்றொரு மயக்கமும் உண்டு. எஞ்சினின் முன்னே உள்ள அழுத்தமானி, எண்ணெய் அழுத்தம் நன்றாக இருக்கிறது என்றே காட்டும். ஏன்? அந்த அழுத்தமானி பெரும்பாலும் பெருவழியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. கிளை வழி ஒன்று அடைபட்டால் பெருவழியில் அழுத்தம் குறையாது. சிறிது கூடவுங் கூடும். மடையை அடைத்தால் குளத்து நீர் மட்டம் உயர்வதைப் போன்றது அது. குளத்தைப் பார்த்து வயலைக் கணிப்பவன் ஏமாறுவான். அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு.

இவ்வுண்மை ஒரு குடும்பத்தின் வாழ்வைத் தொட்டதை எங்கள் பகுதியில் நானே கண்டிருக்கிறேன். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்கக் காலம் அது; 1980-களில் ஒரு கோடை. கிணற்று நீரை நம்பி நிலக்கடலை விதைத்திருந்தார் ஓர் உழவர். அவருடைய ஆயில் எஞ்சின் கிடைமட்டமாக அமைந்த பழைய வகை. பேரிங் தேய்ந்துவிட்டதால் நகரத்துப் பட்டறை ஒன்றில் கொடுத்து வெள்ளை உலோகம் புதிதாக ஊற்றிக்கொண்டு வந்தார். ஈயமும் வெள்ளீயமும் போன்ற மெல்லிய உலோகங்கள் சேர்ந்த அக்கலவை, 1839-இல் ஐசக் பாபிட் என்னும் அமெரிக்கர் கண்டறிந்த முறையின் வழிவந்தது. பழைய பேரிங்கில் அதனை ஊற்றும்போது பழைய எண்ணெய்த் துளை மூடிப்போகும்; ஆறிய பின்னர் மீண்டும் துளையிட வேண்டும்.

எஞ்சின் பூட்டி ஓடியது. இரண்டு மணி நேரத்தில் கருகல் நாற்றம் எழுந்து நின்றுவிட்டது. எண்ணெயில் கலப்படம் என்றார்கள். கடன் வாங்கி விலையுயர்ந்த எண்ணெய் வாங்கினார். மீண்டும் உலோகம் ஊற்றி வந்து பூட்டினார். மறுநாள் அதே கதிதான். மேலே இருந்த கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுவதை எல்லோரும் கண்ணால் கண்டோம். அப்படியிருந்தும் பேரிங் எரிந்தது ஏன் என்பது எவருக்கும் விளங்கவில்லை.

அப்போது பொன்மலை இரயில்வே பட்டறையில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற பிட்டர் ஒருவரை அழைத்து வந்தார்கள். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய இரயில்வேயின் பட்டறை 1928-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளிக்கு அருகே பொன்மலைக்கு வந்தது. அடுத்த ஆண்டே திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்கும் இரயில் பாதை திறக்கப்பட்டது. எங்கள் வட்டாரத்து இளைஞர் பலர் பொன்மலையில் தொழில் கற்றனர். பழைய எஞ்சின்களை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, கழுவி, அளந்து, மீண்டும் பூட்டுவது அப்பட்டறையின் அன்றாடப் பணி. நீராவிக் காலத்திலும் அதன்பின் வந்த டீசல் காலத்திலும் அப்பணி தொடர்ந்தது. நீலகிரி மலைப் பாதைக்குப் புதிய நீராவி எஞ்சின்களையும் இந்த நூற்றாண்டில் அப்பட்டறை செய்து தந்துள்ளது.

அந்தப் பெரியவர் எஞ்சினைச் சுற்றிவந்தார், ஒன்றும் பேசவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு, மெல்லிய கம்பி ஒன்றைத் துளைக்குள் விட்டார். கம்பி பாதியிலேயே முட்டி நின்றது. பேரிங்கைக் கழற்றிக் காட்டினார். மேல்மூடியில் உள்ள துளைக்கு நேராகப் பித்தளையிலும் வெள்ளை உலோகத்திலும் துளை இல்லை. ஒரு விரற்கடை தள்ளி இருந்தது. கிண்ணத்திலிருந்து சொட்டிய எண்ணெய் பேரிங்கின் முதுகுப்புறமாகவே வழிந்து வெளியேறியிருக்கிறது. "எண்ணெயைக் குறை சொல்லாதே தம்பி. அது போக வழியில்லை. பாவம், அது என்ன செய்யும்?" என்றார். தவறான துளையை அடைத்தார். நேர்த் துளை இட்டார். துளையிலிருந்து இருபுறமும் ஆழமற்ற காடி ஒன்றை வெட்டினார். அக்காடியைப் பேரிங்கின் ஓரம் வரை நீட்டாமல் இருபுறமும் சிறிது முன்னதாகவே நிறுத்தினார். ஓரம் வரை நீட்டினால் எண்ணெய் தங்காமல் வெளியே ஓடிவிடும் என்று விளக்கினார். கிடைமட்ட எஞ்சினில் பிஸ்டனின் உந்துதல் பக்கவாட்டில் வருவதால், அதற்கு உச்சித் துளை பொருந்தும். இரயில் பெட்டியின் அச்சுக்கு அது பொருந்தாது. டவரின் பெயரை அவர் கேள்விப்பட்டிருந்தாரோ என்னவோ, டவரின் உண்மையை அவருடைய கை அறிந்திருந்தது.

எஞ்சின் ஓடியது. அதன்பின் பல ஆண்டுகள் ஓடியது. ஆனால் அதற்குள் பதினைந்து நாட்கள் கழிந்துவிட்டன. விழுது இறங்கும் பருவத்தில் நீரின்றி அந்த உழவரின் கடலைக் கொல்லையில் பாதிக்கு மேல் காய்ந்துவிட்டது. எண்ணெய்க்காக வாங்கிய கடனை அடைக்க அவர் ஒரு சோடி மாட்டை விற்றார். அவருடைய மகன் அவ்வாண்டு என் வகுப்பில் இருந்தவன். கோடை விடுமுறைக்குப் பின் பள்ளிக்குத் திரும்பவில்லை. ஒரு விரற்கடை விலகிய துளை, ஒரு மாணவனின் படிப்பையே நிறுத்திவிட்டது. இயந்திரத்தைப் பற்றிய அறிவு படித்தவர்களின் பொழுதுபோக்கு அன்று என்பதை அன்று நான் உணர்ந்தேன்.

இந்நாளில் வெள்ளை உலோகம் ஊற்றிக் கையால் சுரண்டும் வேலை பெரிதும் குறைந்துவிட்டது. மெல்லிய ஓட்டுப் பேரிங்குகள் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டு, துளையும் காடியும் இட்டே விற்பனைக்கு வருகின்றன. தமிழ்நாட்டில் 1961-இல் தோன்றிய பைமெட்டல் பேரிங்ஸ் நிறுவனம் கோயம்புத்தூரில் இவற்றைச் செய்துவருகிறது. ஓடு தன் இடத்தில் திரும்பாமல் அமர்வதற்காக அதன் விளிம்பில் சிறு நாக்கு ஒன்றும் வைத்திருப்பார்கள். அப்படியிருந்தும் தவறு முற்றிலும் ஒழியவில்லை. பூட்டுபவர் மனிதர் அன்றோ? அவர் தம் கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஆகவே தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பொறியியற் கல்லூரிகளிலும் பயிலும் மாணவர்களுக்கு நான் சிலவற்றைக் கூற விரும்புகிறேன். எஞ்சினைக் கழற்றும்போதே ஒவ்வோர் உறுப்பும் இருந்த நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வழிகளை அடைத்துள்ள திருகுகளை எடுத்துவிட்டு, கம்பித் தூரிகையால் துலக்கி, காற்றால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் துளையும் துளையும் நேர்ப்பட்டுள்ளனவா என்பதைக் கம்பி விட்டோ விளக்கு வைத்தோ பாருங்கள். பழைய கேஸ்கட்டையும் புதிய கேஸ்கட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிடுங்கள். பூட்டும்போது பேரிங்குகளில் எண்ணெய் தடவுங்கள். முதன்முறை இயக்குவதற்கு முன்னர், பம்பைத் தனியே சுழற்றி எண்ணெயைச் செலுத்தி, அது கடைசி உறுப்பு வரை வந்து சேர்ந்ததைக் கண்டபின் எஞ்சினை முடுக்குங்கள். அழுத்தமானியின் முள்ளை நம்புவதற்கு முன் இதனைச் செய்யுங்கள். அரை மணி நேரம் பிடிக்கும் இவ்வேலை, ஓர் உழவரின் ஒரு போக விளைச்சலைக் காக்கக் கூடும்.

வழக்கமாக எல்லோரும் துளையிட்ட இடத்திலேயே டவரும் துளையிட்டார். ஆனால் எண்ணெய் மேலே பொங்கியபோது, அதனைத் தடுப்பதோடு அவர் நின்றுவிடவில்லை, தக்கையைத் தள்ளியது எது என்று கேட்டார், அழுத்தமானியை வைத்தார், இடம் இடமாக அளந்தார். பொன்மலைப் பெரியவரும் எண்ணெய் சொட்டுவதைப் பார்த்ததோடு நின்றுவிடவில்லை. அது எங்கே போகிறது என்று கேட்டார். கம்பியை விட்டுப் பார்த்தார். ஒருவர் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தவர். மற்றவர் கிணற்று மேட்டில் நின்றவர். இருவரும் கேட்ட கேள்வி ஒன்றே. நீங்கள் நாளைக்கு எந்தத் தொழிலுக்குச் சென்றாலும், பண்டம் புறப்பட்ட இடத்தை மட்டும் பார்த்து மன நிறைவு கொள்ளாமல், அது போய்ச் சேர்ந்ததா என்று கடைசி இடம் வரை சென்று பாருங்கள்.